தோட்டக் கம்பனிகளும் பேண்தகைமை அறிக்கையும்
(ஊவா மலைநாட்டை முன்னிட்டு ஓர் ஆராய்வு)

ஊவா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே கொழுந்து நிறுக்கும் வேளை தனிச் சிறப்புடையது. காலை தொடக்கம் பறித்த கொழுந்தைச் சுமந்து வரும் பெண், தராசின் முன்னே நின்று முள் எங்கே நிற்கின்றது எனத் தன் கண்ணாலேயே நோக்குகின்றாள். தான் கண்ட எண்ணும் கணக்கப்பிள்ளை எழுதும் எண்ணும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பதே அவள் கருத்து. ஈரத்துக்கென்றும் சாக்கின் எடைக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்கள் பற்றி எழும் பிணக்குகள் தோட்ட வாழ்விலே மிகப் பழையன. நிறுக்கப்படும் பொருளுக்கு உரியவர் தராசைக் காணல் வேண்டும் என்னும் நியதி இப்பிணக்குகளினூடே பிறந்ததாகும்.

இந்நாளிலே வேறொரு தராசும் தோட்டங்களை நிறுத்து வருகின்றது. பெருந்தோட்டக் கம்பனிகள் ஆண்டுதோறும் வெளியிடும் பேண்தகைமை அறிக்கையே அத்தராசு. கம்பனி ஈட்டிய இலாபத்தோடு, அது பயன்படுத்திய நீர், எரித்த விறகு, காத்த காடு, பணியாளர்க்கு அளித்த வீடு, மருத்துவம், பயிற்சி முதலியனவும் அவ்வறிக்கையிலே எண்ணாலும் எழுத்தாலும் கூறப்படுகின்றன. அவ்வறிக்கை எங்ஙனம் தோன்றியது, எங்ஙனம் ஆக்கப்படுகின்றது, அதனை எங்ஙனம் படித்தல் வேண்டும் என்பனவற்றைப் பதுளைப் பகுதியின் நிலையை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டக் கம்பனிகள் அறிக்கை வெளியிடுதல் புதிய வழக்கன்று. ஆங்கிலேயர் காலத்துத் தோட்டக் கம்பனிகள், இலண்டனிற் பதிவு செய்யப்பட்ட ஸ்ரேலிங் கம்பனிகள் எனவும் கொழும்பிற் பதிவு செய்யப்பட்ட ரூபாக் கம்பனிகள் எனவும் இருவகைப்பட்டன. கோப்பிச் செடியை 1869 ஆம் ஆண்டிலே தொடங்கிய இலைநோய் அழித்தபின் தேயிலை மலைநாடெங்கும் பரந்தது. தோமஸ் லிப்டன் 1890 ஆம் ஆண்டிலே அப்புத்தளைப் பகுதியிலுள்ள தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். 1924 ஆம் ஆண்டிலே புகையிரதப் பாதை பதுளை வரை வந்து சேர்ந்தது. அக்காலத்துக் கம்பனி அறிக்கைகள் ஏக்கருக்கு இத்தனை இறாத்தல் விளைவு, இறாத்தலுக்கு இன்ன விலை, பங்குக்கு இவ்வளவு ஆதாயம் என்பனவற்றையே முதன்மையாகக் கூறின. அவை பங்குதாரர்க்கென எழுதப்பட்டன. பங்குதாரர் அறிய விரும்பியவற்றையே விடுத்துரைத்தன.

பங்குதாரர் அல்லாதார்க்கும் கம்பனி கணக்குக் கூறும் கடப்பாடுடையது என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் வலுப்பெற்றது. வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்கு ஊறு நேராவண்ணம் இக்காலத் தேவைகளை நிறைவேற்றுதலே பேண்தகு அபிவிருத்தி என, ஐக்கிய நாடுகள் சபையினால் அமைக்கப்பட்ட புரூண்ட்லாந்து ஆணைக்குழு 1987 ஆம் ஆண்டிலே வரையறுத்தது. 1989 ஆம் ஆண்டிலே எக்ஸன் வால்டெஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் அலாஸ்காக் கரையிலே பாறையில் மோதிப் பெருந்தொகை எண்ணெயைக் கடலிற் சிந்தியது. அதன் விளைவாய் எழுந்த பொதுமக்கள் சினம், கம்பனிகள் சூழலுக்குச் செய்யும் கேட்டினையும் கணக்கெழுதி வெளியிடுதல் வேண்டும் என்னும் கோரிக்கையாக உருப்பெற்றது. 1997 ஆம் ஆண்டிலே பொஸ்ரன் நகரில் 'உலகளாவிய அறிக்கையிடல் முன்முயற்சி' தோன்றிற்று. அதன் முதல் வழிகாட்டி 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2016 ஆம் ஆண்டிலே அது நியமங்களாக ஒழுங்குபடுத்தப்பட்டது. இந்நியமங்களைத் தழுவியே உலகின் பெருஞ் சுரங்கக் கம்பனிகள் பலவும் தம் அறிக்கைகளை எழுதுகின்றன. இலங்கைத் தோட்டக் கம்பனிகள் பலவும் அவ்வழியையே பின்பற்றுகின்றன.

இலங்கையில் இவ்வறிக்கைக்குத் தனியான ஒரு முதன்மை உண்டு. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் 1975 ஆம் ஆண்டிலே அதற்குச் செய்யப்பட்ட திருத்தத்தாலும் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 ஆம் ஆண்டிலே இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அமைக்கப்பட்டு, அவற்றின் நிருவாகம் தனியார் கைக்கு மாறியது. ஆயினும் நிலம் அரசுக்கே உரியது; கம்பனிகள் அதனைக் குத்தகைக்கே பெற்றுள்ளன. பெரும்பாலான குத்தகைகள் 53 ஆண்டு எல்லையுடையனவாய் 2045 ஆம் ஆண்டிலே முடிவுறுவன. மேலும், 'பொற்பங்கு' எனப்படும் சிறப்புப் பங்கொன்றை அரசாங்கம் தன்னிடமே வைத்துள்ளது. ஆகவே, தோட்டத்து மண்ணின் நிலையை அறியும் உரிமை பங்குச் சந்தையிலே பங்கு வாங்கியோர்க்கு மாத்திரம் உரியதன்று. நிலத்தின் உடைமையாளராகிய பொதுமக்கள் யாவர்க்கும் உரியதாகும்.

இனி, அறிக்கை ஆக்கப்படும் முறையை நோக்குவாம். அது நான்கு படிகளை உடையது. முதலாவது படி, எவை முக்கியமான பொருள்கள் என்று தெரிதல். இரண்டாவது, கணக்கின் எல்லையை வகுத்தல். அஃதாவது எந்தத் தோட்டங்கள், எந்தத் தொழிற்சாலைகள், எவ்வகைப் பணியாளர் அக்கணக்கினுள் அடங்குவர் என்று தீர்மானித்தல். மூன்றாவது, அளத்தல். நான்காவது, அளந்தவற்றை வெளியார் ஒருவரைக் கொண்டு சோதித்து உறுதியுரை பெறுதல். அறிக்கையின் நிறைகுறைகள் பெரும்பாலும் முதலிரு படிகளிலேயே அமைந்துவிடுகின்றன. முக்கியம் அன்று என ஒதுக்கப்பட்ட பொருள் பின்னர் எத்துணைத் திருத்தமான கருவியாலும் அளக்கப்படுவதில்லை.

எது முக்கியம் என்பதைத் துணிவதிலே இரு நோக்குகள் உள. கம்பனியின் செயலால் மக்களுக்கும் நிலத்துக்கும் நேர்வது யாது என வினாவுதல் ஒன்று. உலகளாவிய அறிக்கையிடல் நியமங்கள் இந்நோக்கினை உடையன. சூழலிலும் சமுதாயத்திலும் ஏற்படும் மாற்றங்களால் கம்பனியின் வருவாய்க்கு நேர்வது யாது என வினாவுதல் மற்றையது. 2023 ஆம் ஆண்டிலே சருவதேசப் பேண்தகைமை நியமங்கள் சபை வெளியிட்ட இரு நியமங்கள் இந்நோக்கினை உடையன. இலங்கையில் 2025 சனவரி முதலாந் திகதி தொடக்கம் கொழும்புப் பங்குச் சந்தையின் மிகப் பெரிய நூறு கம்பனிகள் இவ்விரு நியமங்களையும் தழுவி அறிக்கை எழுதத் தொடங்குதல் வேண்டும் என விதிக்கப்பட்டது. இரு நோக்குகளும் வேண்டப்படுவனவே. ஆயின் ஒன்று மற்றையதற்கு ஈடாகாது. ஒரு மலைச்சரிவினால் கம்பனி இழக்கக்கூடிய தேயிலை சில ஏக்கராக இருக்கலாம். முதலீட்டாளன் கணக்கிலே அது சிறு தொகை. அச்சரிவின் கீழே லயன் காம்பராவில் உறங்கும் குடும்பத்துக்கோ அது முழு வாழ்வுமாகும்.

உறுதியுரை பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். கணக்காய்வாளர் வழங்கும் உறுதியுரை இருவகைப்படும். நிதிக்கணக்குக்கு வழங்கப்படுவது நியாயமான உறுதி. விரிவான சோதனையின் பின் 'கணக்கு உண்மையானது' என்று உடன்பாட்டாற் கூறுவது. பேண்தகைமை அறிக்கைகளுக்குப் பெரும்பாலும் வழங்கப்படுவது மட்டுப்படுத்திய உறுதி. 'பிழையென்று கருதத்தக்க எதுவும் எம் கவனத்துக்கு வரவில்லை' என எதிர்மறையாற் கூறுவது. இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாடு பெரிது. மலையேறிப் பார்த்து வந்தவன் 'பாறை உறுதியாக உள்ளது' என்பதும், அடிவாரத்தில் நின்றவன் 'பாறை அசைந்ததை நான் காணவில்லை' என்பதும் ஒன்றாகா. அறிக்கையைக் கையில் எடுக்கும் மாணவன் அதனை இறுதிப் பக்கங்களிலிருந்து படிக்கத் தொடங்குதல் நன்று. ஆங்கேதான் உறுதியுரையும் உளது. எந்தெந்த நியமங்கள் நிறைவேற்றப்பட்டன, எவை விடப்பட்டன, விடப்பட்டமைக்குக் காரணம் யாது என்பனவற்றைக் கூறும் அட்டவணையும் உளது.

அளத்தலிலே எழும் சிக்கல்களுள் தலையாயது மொத்த அளவுக்கும் விகித அளவுக்கும் உள்ள வேறுபாடு. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை பெறப்படுகின்றது. கொழுந்தை வாட்டுதற்கும் உலர்த்துதற்கும் விறகும் மின்சாரமும் வேண்டும். எனவே தொழிற்சாலையின் எரிபொருளை, ஆண்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாகவும் கூறலாம். ஒரு கிலோ தேயிலைக்கு இவ்வளவு என்று விகிதமாகவும் கூறலாம். விளைவு குறைந்த ஆண்டிலே மொத்தம் தானாகவே குறையும். விளைவு பெருகிய ஆண்டிலே விகிதம் அழகாகத் தோன்றும். இரண்டையும் ஒருங்கே பல ஆண்டுகளுக்குத் தந்தாலன்றி உண்மை புலப்படாது.

இதற்கு அண்மைக்கால வரலாறே சான்றாகின்றது. 2021 மே மாதத்திலே செயற்கை உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலே தடை நீங்கியதாயினும், வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியால் உரத்தின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றது. 2021 இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை விளைவு, 2022 இல் ஏறத்தாழ 251 மில்லியன் கிலோவாக வீழ்ந்தது. இக்காலத்தில் ஒரு தோட்டத்தின் நைதரசன் உரப் பாவனையும், அவ்வுரத்தினின்று எழும் பச்சைவீட்டு வாயுவாகிய நைதரசு ஒட்சைட்டின் அளவும் குறைந்திருக்குமன்றோ? வெறும் எண்ணை நோக்குவார்க்கு அது சூழல் பேணலிற் கண்ட முன்னேற்றமாகத் தோன்றும். தேயிலைத் தூரை அறிந்தார்க்கோ அது பட்டினி என்பது விளங்கும். எண் ஒன்றே, அதன் காரணத்தை உடன் கூறாத அறிக்கை, பொய் கூறாமலே படிப்போரை மயங்க வைக்கும்.

பச்சைவீட்டு வாயுக் கணக்கு மூன்று வட்டங்களாக வகுக்கப்படுகின்றது. தொழிற்சாலை அடுப்பும் லொறியும் வயலுக்கிட்ட உரமும் வெளிவிடுவன முதல் வட்டம். வாங்கிய மின்சாரத்தின் பொருட்டு வேறிடத்தில் வெளிவிடப்படுவன இரண்டாம் வட்டம். கப்பலேற்றம் தொடங்கிப் பிறநாட்டிலே தேநீர் அருந்துவோர் கேத்தலில் நீர் கொதிப்பிப்பது ஈறாக உள்ளன மூன்றாம் வட்டம். விறகை எரிப்பதால் வரும் காபனீரொட்சைட்டு, உயிர்ப்பொருளின் வழி வந்தது என்னும் காரணம் பற்றி இவ்வட்டங்களுக்குப் புறம்பே தனியே காட்டப்படுகின்றது. எனினும் அவ்விறகு எங்கிருந்து வந்தது, வெட்டிய இடத்தில் மரம் மீள நடப்பட்டதா என்னும் வினாக்களையும் நாம் கேட்டல் வேண்டும்.

இனி மனிதர் பற்றிய கணக்கு. 2024 செப்டெம்பரிலே தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. நாட்சம்பளத்தை மாத்திரம் கூறுதல் போதாது. மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது, எத்தனை நாள் முழுப்பேராகவும் எத்தனை நாள் அரைப்பேராகவும் செக்றோலில் விழுந்தது என்பன கூறப்பட்டாலன்றி ஒரு குடும்பத்தின் வருவாய் தெரியாது. ஊவாவில் வரட்சி நீடிக்கும் காலத்தில் இவ்வினா பின்னும் முக்கியமாகும். யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் வாய்ந்த நறுமணத்தைத் தருகின்றது. அதே காற்று மிகுமாயின் கொழுந்து குறைந்து வேலைநாளும் குறைகின்றது.

விபத்துக் கணக்கினும் இத்தகைய நுட்பம் உண்டு. பெருஞ் சுரங்கங்களில் விபத்து வீதம் பத்து இலட்சம் வேலை மணித்தியாலங்களுக்கு இத்தனை என்று கணிக்கப்படுகின்றது. தோட்டங்களிலே இயந்திரத்தால் நேரும் விபத்தினும், குளவிக் கொட்டும் வழுக்கும் சரிவும் தரும் இடர்களே அன்றாடச் செய்திகளாகின்றன. அன்றியும், அண்மைக் காலத்திலே தேயிலைக் காணியைத் துண்டுகளாகத் தொழிலாளரிடம் ஒப்படைத்து, பறிக்கும் கொழுந்துக்கு விலை கொடுக்கும் முறை பல தோட்டங்களிற் புகுந்துள்ளது. அம்முறையில் பறிப்பவர் சம்பளப் பணியாளர் என்னும் நிலையினின்று நீங்குகின்றார். அவரைக் குளவி கொட்டினால் அக்கணக்கு எங்கே விழும்? சுரங்கக் கம்பனிகள் ஒப்பந்தக்காரரின் ஆட்களை வைத்து வேலை செய்வித்தபோது எழுந்த அதே வினா இது. கம்பனியின் கட்டுப்பாட்டிலே வேலை செய்வோர், அதன் பணியாளர் அல்லராயினும் விபத்துக் கணக்கிற் சேர்க்கப்படல் வேண்டும் என்பது உலகளாவிய நியமத்தின் விடை. எல்லையை எங்கே கீறுகின்றோமோ அதனைப் பொறுத்தே எண் அமைகின்றது.

எல்லாவற்றினும் மேலாக, சராசரி மறைப்பதை நாம் அறிதல் வேண்டும். இதற்கு உலகம் கொடுத்த விலை மிகப் பெரிது. பிறேசில் நாட்டின் புறூமாடீனோ என்னுமிடத்திலே, வாலே என்னும் பெரும் இரும்புத்தாதுக் கம்பனியின் கழிவுச் சேற்றணை 2019 சனவரி 25 ஆந் திகதி உடைந்தது. சேறு சில நிமிடங்களிலே அணையின் கீழிருந்த பணியாளர் உணவுச்சாலையையும் குடியிருப்புகளையும் மூடியது. 270 பேர் மாண்டனர். அவ்வணை உறுதியானது என முந்திய ஆண்டிலே சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. பேண்தகைமை அறிக்கைகளும் ஒழுங்காக வெளிவந்திருந்தன. அவ்வறிக்கைகளிலும் பிற வெளியீடுகளிலும் அணைகளின் பாதுகாப்புப் பற்றி முதலீட்டாளர் தவறாக வழிநடத்தப்பட்டனர் என்று ஐக்கிய அமெரிக்காவின் பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு 2022 ஆம் ஆண்டிலே வழக்குத் தொடுத்தது. 2023 ஆம் ஆண்டிலே 55.9 மில்லியன் டொலர் செலுத்தும் இணக்கத்தோடு அவ்வழக்கு முடிவுற்றது.

இப்பேரழிவின்பின் நிகழ்ந்ததே நமக்குப் படிப்பினையாவது. இங்கிலாந்துத் திருச்சபையின் ஓய்வூதியச் சபை, வேறு முதலீட்டாளரோடு கூடி, எழுநூறுக்கு மேற்பட்ட சுரங்கக் கம்பனிகளுக்கு அவ்வாண்டிலேயே கடிதம் விடுத்தது. கம்பனியின் பொதுவான பாதுகாப்புக் கொள்கையை அது கேட்கவில்லை. ஒவ்வோர் அணையையும் தனித்தனியே பெயர் குறித்து, அது எங்கே உள்ளது, எத்துணை உயரமானது, எவ்வாறு கட்டப்பட்டது, உடைந்தால் யாரைப் பாதிக்கும் என்று கேட்டது. 2020 ஆகத்து மாதத்திலே கழிவணைகளுக்கான உலகப் பொது நியமமும் வெளியிடப்பட்டது.

பதுளை மாவட்டத்திலே நாம் மறக்கொணாத நாள் 2014 ஒக்டோபர் 29. கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் அன்று காலை மலை சரிந்து லயன்களை மூடியது. பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் தப்ப, வீட்டிலிருந்த பெற்றோர் மண்ணுட் புதையுண்டனர். அவ்விடம் மண்சரிவு அபாயமுடையது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. மக்கள் மலையின் கீழ் இருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளாற் பெரிதும் அல்லலுற்றது.

பல தோட்டங்களையுடைய ஒரு கம்பனி, தன் குடியிருப்புகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு பாதுகாப்பான இடத்தில் உள்ளன என்று எழுதுவதாகக் கொள்வோம். அது மெய்யாகவே இருக்கலாம். ஆயின் எஞ்சிய பத்து எந்தத் தோட்டத்தில், எந்த டிவிசனில், எந்த லயனில் உள்ளன என்பதே அங்கு வாழ்வோர் அறிய வேண்டியது. அணைக்கு அணை கணக்குக் கேட்டது போல, மலைக்கு மலை கணக்குக் கேட்டல் நமக்குத் தகும். ஒவ்வொரு தோட்டத்துக்கும், அபாய வலயத்திலுள்ள லயன்கள் எத்தனை, அவற்றில் வாழும் குடும்பங்கள் எத்தனை, எச்சரிக்கை கிடைத்த திகதி யாது, இடமாற்றத்துக்குக் குறித்த காலம் யாது, கான்கள் எப்போது துப்புரவு செய்யப்பட்டன என்பன ஒரு தாளில் அடங்கும். மறுநடுகையும் அவ்வாறே கூறப்படலாம். ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு மறுநடுகை செய்தால் ஐம்பது ஆண்டிலே தோட்டம் முழுவதும் புதிதாகும். நூற்றுக்கு அரைப்பங்காயின் இருநூறு ஆண்டு செல்லும். குத்தகையோ 2045 இல் முடிகின்றது. அப்போது அரசுக்கு மீள்வது வளமுள்ள மலையா, வலியிழந்த மலையா என்பதை இவ்வொரு விகிதமே பெரிதும் காட்டிவிடும்.

வீடமைப்பும் அபாய வலயத்தினின்று குடிபெயர்த்தலும் கம்பனியால் மாத்திரம் இயல்வன அல்ல. அரசாங்கமும் அதிற் பங்குடையது என்று கம்பனிகள் கூறுவது முற்றும் ஏற்கத்தக்கதே. நூற்றாண்டுப் பழைமையுடைய லயன்களை அவை மரபுரிமையாகவே பெற்றன. ஆனால் பொறுப்பு யாரது என்னும் வழக்கு முடியும் வரை கணக்குக் காத்திருத்தல் வேண்டியதில்லை. உண்மை நிலை தோட்டந்தோறும் எழுதப்பட்டு வெளிப்படுமாயின், அரசாங்கத்தின் கடமையை வலியுறுத்துதற்கும் அதுவே கம்பனிக்கு ஆதாரமாகும்.

இறுதியாக மொழி. இவ்வறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளிவருகின்றன. அவற்றில் எண்ணப்படுவோரோ தமிழும் சிங்களமும் பேசுவோர். நூற்றுக்கணக்கான பக்கங்கள் அனைத்தையும் மொழிபெயர்த்தல் வேண்டும் என்பதன்று. மேற்கூறிய ஒரு தாள் அவ்விரு மொழிகளிலும் எழுதப்பட்டுப் பிரட்டுக்களத்திலும் பிள்ளைக்காம்பரா வாயிலிலும் ஒட்டப்படல் போதும். எண்ணிலே பிழை இருப்பின் அதனைத் திருத்துவதற்கு அங்கு வாழ்வோரினும் சிறந்த கணக்காய்வாளர் இலர். தம் லயனுக்குப் பின்னே ஊற்று எப்போது கலங்கியது, சுவரில் வெடிப்பு எப்போது கண்டது என்பதை அவர் அறிவர்.

மலைநாட்டினின்று நம் கல்லூரிகளுக்கு வரும் மாணவர் தொகை ஆண்டுதோறும் பெருகுகின்றது. கணக்கியலும் புவியியலும் பயிலும் அவர்கள், விடுமுறைக்கு வீடு செல்லும்போது தம் தோட்டக் கம்பனியின் அறிக்கையை உடன் கொண்டு செல்வாராக. அதில் தம் தோட்டத்தின் பெயரைத் தேடுவாராக. அறிக்கை கூறுவதனையும் தாய் தந்தையர் கூறுவதனையும் அருகருகே எழுதி வைப்பாராக. கொழுந்துத் தராசின் முள்ளைத் தாய் நோக்கும் அதே கூர்மையோடு மகன் இந்தத் தராசின் முள்ளையும் நோக்குவானாயின், அடுத்த ஆண்டின் அறிக்கை சிறிது கவனத்துடன் எழுதப்படும் என்பது எமது நம்பிக்கை.